சேம அச்சும் சோற்றுப்பானையும்

பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகர்களின் வண்டிகள் வருகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாட வந்தவர். ஆனால் வழியில் எதிர்ப்பட்ட மாட்டுவண்டியைப் பார்க்காமல் கடந்துபோக அவருக்கு மனம் வரவில்லை. சக்கரத்தில் தொடங்கி வண்டி முழுவதையும் ஒரு தச்சரின் கண்ணோடு பார்க்கிறார். ஆரைப்புல் வேய்ந்த கூரை, மேகம் கவிந்த குன்றுபோல் இருக்கிறது. வாயிற்புறத்தில் கோழி தங்கும் கூடு. இளம் பெண்யானையின் முழங்காலை ஒத்த சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. காடிப் பானையைக் கயிற்றால் பிணித்திருக்கிறார்கள். குழந்தையோடு இருக்கும் பெண் எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பந்தழைக் கண்ணி சூடிய ஆண்கள் வண்டி வரிசையின் பக்கவாட்டில் காவலாக நடந்து வருகிறார்கள்.

உவமைகளை நீக்கிவிட்டுப் படித்தால் இது ஒரு சாமான் பட்டியல். வாரக்கணக்கில் வீடு திரும்ப முடியாத ஒரு குடும்பம் எதையெல்லாம் வண்டியில் ஏற்ற வேண்டும், எதை எங்கே மாட்ட வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொல்லும் பட்டியல். உரலை உள்ளே வைத்தால் உப்புக்கான இடம் குறையும். ஆகவே அது வெளியே தொங்குகிறது. பானை சாய்ந்தால் சோறு போய்விடும். ஆகவே அதற்குக் கட்டு. உரையாசிரியர்கள் உவமைக்குக் கொடுத்த கவனத்தில் பாதியை இந்த ஏற்பாட்டுக்குக் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

பட்டியலில் விடுபட்ட ஒன்றை ஔவையார் சேர்க்கிறார். புறநானூற்றின் 102-ஆம் பாடல் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றியது. எருதுகளோ இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பண்டம் நிறைந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேரும் என்று யார் அறிவார்? அதனால் உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். எழினி அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்பது பாராட்டு. தகடூர் அரச குடும்பத்தில் பிறந்த ஒருவனை, இன்றைய மொழியில் சொன்னால், ஸ்டெப்னி என்று புகழ்ந்த கவிதை இது. சாலையின் நிச்சயமின்மையை அறிந்த சமூகத்துக்கே அது பாராட்டாகக் கேட்டிருக்கும்.

கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. உப்பு வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். மேற்கே பாலக்காட்டுக் கணவாயும் கிழக்கே கரூரும் அமைந்த வழியில், நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். அங்கே கிடைத்த மணிகளையும் இரும்பு உலைகளையும் பற்றி அகழாய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாதையில் போனவர்கள் இரவில் எப்படித் தூங்கினார்கள் என்று எழுதுவது கடினம். மூங்கிலும் புல்லும் மண்ணில் மிஞ்சுவதில்லை.

ஆனால் அந்தக் கூரை தொடர்ந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கொங்கு உழவர் வீடுகளில் எரு அடிக்கவும் நெல் ஏற்றவும் ஒரு பாரவண்டி இருக்கும். பழனித் தைப்பூசத்துக்கோ கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கோ அந்தியூர் குருநாதசாமி தேர்த்திருவிழாவுக்கோ போகும் நாள் வந்தால் அதே வண்டியின் மேல் கூண்டு ஏறும். வளைத்த மூங்கில் பிளாச்சுகளின் மேல் பாய் விரித்துக் கட்டிய கூண்டு. உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் சமுக்காளம். அடியில் மாட்டுத் தீவனத்துக்குச் சாக்குத் தொட்டில், அச்சுக்கு மசகு, ஓர் அரிக்கேன் விளக்கு. திருவிழா முடிந்து வந்ததும் கூண்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள். சவாரிக்கென்றே தனியாக வில்வண்டி வைத்திருப்பது வசதி படைத்தவர்களின் காரியம்.

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றும் மடக்குக் கூடு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்திய பின் கூரையை உயர்த்தினால் துணிச்சுவர்கள் எழும்பி, ஒருவர் நிமிர்ந்து நிற்கும் அறையாகிவிடும். வேண்டாதபோது மொத்தமாக இறக்கி வைக்கலாம். அதை வாங்குகிறவர்களின் கவலைகள் நம் உழவருக்கும் தெரிந்தவைதான். எடை கூடினால் இழுப்பது சிரமம். உயரம் கூடினால் காற்றும் கிளைகளும் தடுக்கும். பாரம் பின்னால் சாய்ந்தால் முன்பக்கம் தூக்கும். மாட்டுவண்டியில் இதற்குத் தனிப் பயிற்சியே உண்டு, நுகம் எருதின் கழுத்தை நெருக்காமலும் மேலே எழும்பாமலும் இருக்கும்படி ஆட்களை முன்னும் பின்னும் நகர்த்தி உட்காரவைப்பார்கள். (நம் சாலைகளில் ஓடும் பொலேரோ கேம்பருக்குப் பெயரில் மட்டுமே முகாம் இருக்கிறது. இரண்டு வரிசை இருக்கைகளும் பின்னால் ஒரு திறந்த தொட்டியும் உள்ள வண்டி அது.)

மோட்டார் வந்தபோது இந்த அறிவு எங்கே போயிற்று? கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்தார். டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். திரையரங்கையே கூடாரமாக மடித்து எடுத்துப் போன தொழில் அது. 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டிய பிறகே அவருடைய படங்களுக்கு நிலையான கூரை கிடைத்தது. 1920-இல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார், ஓட்டுநரும் அவரே. முன்பு கூண்டுவண்டிகள் போன வழிதான். ஆனால் பேருந்து அன்றே போய் அன்றே திரும்பியது. வண்டியில் தூங்க வேண்டிய தேவை பயணிகளுக்குத் தீர்ந்தது.

அந்தத் தேவை சரக்கு ஏற்றுபவர்களுக்குத் தீரவில்லை. சென்னையில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1954-இல் டாடா, டெய்ம்லர் பென்ஸுடன் சேர்ந்து லாரி தயாரிக்கத் தொடங்கியது. ஆலையிலிருந்து வந்தது பெரும்பாலும் முழு வண்டி அல்ல. என்ஜினும் சட்டமும் சக்கரமும் கொண்ட வெறும் சேஸ். மேலே கட்டவேண்டியதை வாங்கியவர் கட்டிக்கொள்ள வேண்டும். நாமக்கல்லின் பாடி பட்டறைகள் அப்படி வளர்ந்தவை. கரூர் பேருந்துக்குப் பேர்பெற்றது. நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும் லாரிக்கு. மானாவாரி நிலமும் வற்றும் கிணறும் வைத்திருந்தவர்கள் நிலத்தை அடகு வைத்தும் பங்காளிகளோடு கூட்டுச் சேர்ந்தும் முதல் லாரியை வாங்கினார்கள்.

பட்டறையில் நடந்த பேச்சைக் கவனித்தால் உமணர் வண்டியின் கணக்கு அப்படியே தொடர்வது தெரியும். மரச்சட்டமும் இரும்புத் தகடும் கொண்டு கேபின் எழும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு பலகை, அதுதான் படுக்கை. அந்தப் பலகை எத்தனை அங்குலம்? அங்கே கூட்டினால் சரக்குத் தொட்டியில் குறையும். சேம அச்சின் இடத்தில் மாற்றுச் சக்கரம். பக்கவாட்டில் சாமான் பெட்டி, தண்ணீர்க் கேன், மண்ணெண்ணெய் அடுப்பு. தொட்டியின் மேல் விரிக்கும் தார்ப்பாய் கோடையில் கிளீனருக்கு மெத்தை. வெயில் கடுமையானால் லாரிக்கு அடியில் உள்ள நிழலே அறை. தொடக்கத்தில் பலருக்கு முதலாளியும் ஓட்டுநரும் ஒருவரே. படுக்கப்போகிறவரே பட்டறையில் நின்று அளவு சொன்ன காலம் அது. இரண்டாவது, மூன்றாவது லாரி வாங்கியதும் அளவு சொல்பவர் வேறு, படுப்பவர் வேறு என்றாயிற்று. பலகை சுருங்கியதற்குக் காரணம் தச்சரின் கைத்திறன் குறைந்தது அல்ல.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்கள் இரவு தங்கவேண்டிய இடங்களில் ஓய்வறையோ தகுந்த மாற்று இடமோ முதலாளி தரவேண்டும் என்றது. வேலை நேரம் நாளுக்கு எட்டு மணி என்றும் வரையறுத்தது. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருந்த கொங்கு நாட்டு உரிமையாளர்களில் பலர் அந்த எண்ணிக்கைக்குள் வரவே இல்லை. வந்தவர்களுக்கும் பீகார் எல்லையில் எங்கே ஓய்வறை கட்டுவது? லாரியே ஓய்வறையாயிற்று. அந்தச் சட்டம் பின்னர் 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்பில் கரைந்துவிட்டது. 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட மற்றொரு விதி, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினில் குளிர்சாதனம் இருக்கவேண்டும் என்கிறது. ஆலையிலேயே கேபினோடு வரும் லாரிகள் பெருகியதால் பட்டறைக்காரரின் கையில் பெரும்பாலும் பின் தொட்டி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. புதிய கேபின்கள் பழையவற்றைவிட நல்லவை என்பதில் எனக்கு ஐயமில்லை. பழைய கேபினை நினைத்து உருகுபவர்கள் மே மாதத்தில் அதன் என்ஜின் மூடியருகே ஒரு பகல் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

இந்த வரிசையின் கடைசி வண்டி திருச்செங்கோட்டுப் போர்வண்டி. கவலை இறைத்த கிணறுகளில் 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து மோட்டார் ஓடியது, கிணறுகள் ஆழமாயின, ஆழமாகி வற்றின. 1966-67 பீகார் வறட்சியை ஒட்டி யூனிசெஃப் கடினப்பாறையைத் துளைக்கும் காற்றழுத்தச் சம்மட்டி இயந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கொங்கு மண்ணின் அடியில் இருப்பதும் கடினப்பாறைதான். லாரித் தொழில் தெரிந்த ஊர், துளைப்பானை லாரியின் மேல் ஏற்றிக்கொண்டு தண்ணீர் இல்லாத மாநிலங்களை எல்லாம் தேடிப்போயிற்று. ஆந்திரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று திருச்செங்கோட்டு வண்டிகள் போகாத இடம் குறைவு.

இவர்கள் உமணர்களைப்போலவே கூட்டமாகப் போகிறார்கள். துளைப்பான் ஏற்றிய வண்டி ஒன்று; குழாய்களும் டீசலும் சாமான்களும் ஏற்றிய துணை வண்டி ஒன்று. ஊர் திரும்ப மாதங்கள் ஆகும். எந்தத் தோட்டத்தில் வேலையோ அங்கேயே சமையல், அங்கேயே தூக்கம். துணை வண்டியில் இரும்புக் குழாய்களுக்கு நடுவே அரிசி மூட்டைக்கும் பாத்திரங்களுக்கும் துணிப்பெட்டிகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். சமையலுக்கென்றே குழுவில் ஓர் ஆள் உண்டு. முன்பு இந்தக் குழுக்களில் சுற்றுவட்டாரக் கிராமத்து இளைஞர்கள் இருந்தார்கள். பிறகு சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் வந்தார்கள். உள்ளூர்ப் பையன்கள் பொறியியல் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அந்தக் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி இந்த வண்டிகள் சம்பாதித்தது.

உருத்திரங்கண்ணனாரின் வண்டியில் இருந்து இதில் இல்லாதவர் ஒருவர் உண்டு. எருதுகளை ஓட்டிய அந்தப் பெண்ணும் அவளுடைய குழந்தையும் லாரிக் காலத்தில் வீட்டோடு நின்றுவிட்டார்கள். வண்டியில் குடும்பம் போனது மாறி, குடும்பத்துக்காக வண்டி போகிறது. அவள் ஓட்டிய இடத்தில் இப்போது சம்பள ஓட்டுநர். உரல் தொங்கிய இடத்தில் எரிவாயு உருளையும் அரைக்கும் இயந்திரமும் ஏறியிருக்கின்றன. ஆண்கள் மட்டுமே உள்ள அந்த அடுப்பில், திருச்செங்கோட்டு மேற்பார்வையாளருக்குப் புளிக்குழம்பும் சத்தீஸ்கர்க்காரர்களுக்குப் பருப்பும் உருளைக்கிழங்குமாக இரண்டு சமையல் நடக்கிறது. சோறு மட்டும் ஒரே பானையில் வேகிறது.