முதல் மறையுரைக்கு முன் ஒரு மடல்



புதிதாகத் திருநிலைப்படுத்தப்பட்ட அருள்பணியாளர் ஒருவர் தம் சொந்தப் பங்கில் முதல் திருப்பலி நிறைவேற்றும் நாளை நாம் அறிவோம். நற்செய்தி வாசித்து முடிந்ததும் ஆலயத்தில் ஒரு தனி அமைதி நிலவும். பெற்றோர், உறவினர், மறைக்கல்வி கற்பித்த ஆசிரியர்கள் என எல்லாருடைய கண்களும் அவர்மீது இருக்கும். தடங்கல் இல்லாமல் பேசவேண்டும், குரல் கணீரென்று இருக்கவேண்டும், நாலு பேர் பாராட்டவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். இவை நல்ல எதிர்பார்ப்புகளே. ஆனால், முதன்முறையாக மறையுரை ஆற்றப்போகும் ஒருவருக்கு உண்மையில் தேவைப்படும் தயாரிப்பு எது? இந்தக் கேள்விக்கு 1600 ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவில் எழுதப்பட்ட ஒரு மடல் பதில் தருகிறது. அதை எழுதியவர் புனித அகுஸ்தினார்.

பேசத் தெரியாத ஒருவர் தயங்கினால் நமக்கு வியப்பு இருக்காது. அகுஸ்தினாரோ பேச்சையே தொழிலாகக் கொண்டிருந்தவர். 354ஆம் ஆண்டு, இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தார். கார்த்தேஜிலும் உரோமையிலும் சொற்பொழிவுக் கலையைக் கற்பித்தார். 384ஆம் ஆண்டு, பேரரசர் தங்கியிருந்த மிலான் நகரிலேயே அக்கலையின் பேராசிரியரானார். பேரரசரைப் புகழ்ந்து விழா மேடையில் உரையாற்றும் அளவுக்கு உயர்ந்தார்.

அந்த மிலான் நகரில்தான் அவர் ஆயர் புனித அம்புரோசியாரின் மறையுரைகளைக் கேட்கச் சென்றார். முதலில் அவர் சென்றது நம்பிக்கையோடு அல்ல. இந்த ஆயர் எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்று எடைபோடவே சென்றார். ஆனால் சொல்லழகைக் கேட்கப் போனவருடைய உள்ளத்தில், சொல்லப்பட்ட உண்மையும் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்தது. அன்னை புனித மோனிக்காவின் பல்லாண்டுக் கண்ணீரும் செபமும் வீண்போகவில்லை. 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா இரவில், அம்புரோசியார் கையால் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார். அடுத்த ஆண்டு ஆப்பிரிக்காவுக்குத் திரும்பி, சொந்த ஊரில் நண்பர்களோடு செபத்திலும் வாசிப்பிலும் அமைதியாக வாழத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் மக்கள் தாங்கள் விரும்பியவரைப் பிடித்து, கட்டாயமாகத் திருப்பணிக்கு நிறுத்துவதும் உண்டு. அம்புரோசியாரே அப்படித்தான் 374ஆம் ஆண்டு ஆயரானார். மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் திருமுழுக்குக்கூடப் பெறாத அரசு அதிகாரி. தாம் கற்றுக்கொள்வதற்கு முன்பே பிறருக்குக் கற்பிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டதாக அவர் பின்னாளில் எழுதினார். இந்த நிலை தமக்கும் வந்துவிடக் கூடாது என்று அகுஸ்தினார் அஞ்சினார். எனவே ஆயர் இல்லாத ஊர்ப்பக்கமே போகாமல் இருந்தார்.

391ஆம் ஆண்டு அவர் கடற்கரை நகரமான ஹிப்போவுக்குச் சென்றார். இன்று அந்த இடம் அன்னபா எனப்படுகிறது. துறவு வாழ்வில் ஆர்வம் காட்டிய ஒரு நண்பரைச் சந்திப்பதே அவரது நோக்கம். அங்கே வலேரியுஸ் என்ற முதிய ஆயர் இருந்ததால், தமக்கு ஆபத்து ஒன்றுமில்லை என்று நினைத்தார். ஆனால் ஆலயத்தில் வலேரியுஸ், தமக்கு உதவியாக ஓர் அருள்பணியாளர் தேவை என்று மக்களிடம் பேசினார். கூட்டத்தில் நின்ற அகுஸ்தினாரை மக்கள் கண்டுகொண்டார்கள். அவரைப் பிடித்து ஆயர்முன் கொண்டுபோய் நிறுத்தி, அவருக்கே அருள்பொழிவு அளிக்கவேண்டும் என்று குரல் எழுப்பினார்கள்.

அகுஸ்தினார் அழுதார். இதை நமக்குச் சொல்பவர் அவருடைய நண்பரும், அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவருமான ஆயர் பொசிதியுஸ். அருகில் நின்ற சிலர் அந்தக் கண்ணீரைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். ஆயர் பதவி கிடைக்கவில்லை, வெறும் அருள்பணியாளர் பதவிதானே கிடைக்கிறது என்று வருந்துகிறார் போலும் என எண்ணி, அவருக்கு ஆறுதல் சொன்னார்களாம்! தம் தோள்மீது ஏறவிருந்த சுமையின் எடையை உணர்ந்ததால் அவர் அழுதார் என்பது அவர்களுக்குப் புரியவில்லை.

அருள்பொழிவு முடிந்தபின் அவர் வலேரியுசுக்கு ஒரு மடல் எழுதினார். அதுதான் நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட மடல். அவருடைய மடல்களின் தொகுப்பில் அது 21ஆவது. அதில் அவர் சொல்வதன் சாரம் இதுதான்: திருப்பணியை ஏனோதானோவென்று செய்து, மக்கள் மகிழும்படி பேசிவிட்டுப் போவதாக இருந்தால், இதைவிட எளிதான வேலை உலகில் இல்லை. ஆனால் கடவுளின் பார்வையில் அதைவிட இழிவானதும் இல்லை. ஒழுங்காகச் செய்வதாக இருந்தாலோ, இதைவிடக் கடினமான பணியும் இல்லை. துடுப்பைப் பிடிக்கவே தெரியாத தம்மைக் கப்பலின் சுக்கானுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்களே என்று அவர் கலங்குகிறார்.

அவர் கேட்டது என்ன? வரவிருந்த உயிர்ப்புப் பெருவிழா வரை சிறிது காலம். எதற்காக? திருவிவிலியத்தை வாசிக்கவும் செபிக்கவும். பேச்சுப் பயிற்சிக்காக அவர் நேரம் கேட்கவில்லை. அது அவரிடம் தேவைக்கு மேலேயே இருந்தது. தம் மீட்புக்குத் தேவையானது எது என்பதை அறிந்து நம்புவதாகவே அவர் சொல்கிறார். ஆனால் அதே உண்மையைப் பிறருடைய மீட்புக்காக எப்படிப் பரிமாறுவது? தன்னலம் தேடாமல், பலருடைய நலனைத் தேடி எப்படிப் பேசுவது? அது தமக்குத் தெரியவில்லை என்கிறார். அன்புக்குரியவர்களே, நமக்காக உண்பது வேறு, வீட்டாருக்குச் சமைத்துப் பரிமாறுவது வேறு அல்லவா? இந்த வேறுபாட்டை உணர்ந்ததுதான் அவருடைய தயாரிப்பின் முதல் படி.

அந்த மடலில் நம் பங்கு மக்கள் எல்லாரையும் தொடும் ஒரு பகுதியும் உண்டு. கோவில் நிலத்தைக் குறித்து ஒரு வழக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்காக ஓர் அருள்பணியாளர் வெளியூருக்கோ, கடல் கடந்தோ செல்லவேண்டியிருந்தால், எல்லாரும் சேர்ந்து அவரை அனுப்பிவைப்பார்கள்; ஓராண்டு ஆனாலும் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். ஆனால் இறைவன் தம் இரத்தத்தால் நீர் பாய்ச்சிய மற்றொரு நிலம் இருக்கிறதே, அந்த மக்களின் உள்ளங்களைப் பண்படுத்தக் கற்றுக்கொள்ள மட்டும் நேரம் இல்லை என்று சொல்லலாமா? இந்தக் கருத்துப்பட அகுஸ்தினார் தம் ஆயரிடம் வாதாடுகிறார்.

இது 391ஆம் ஆண்டுக் கேள்வி மட்டுமா? நம் பங்கு அருள்பணியாளரின் ஒரு வாரத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கட்டட வேலை, பள்ளிக்கூட அலுவல், திருவிழாக் கணக்கு, வீட்டு மந்திரிப்பு, நோயாளர் சந்திப்பு, குடும்பச் சண்டைகளில் சமரசம். இத்தனைக்கும் அவரை அழைக்கிறோம். அவர் வருவது நமக்கு உதவியும் ஆகிறது. ஆனால் ஞாயிறு மறையுரைக்காக அவர் கதவைச் சாத்திக்கொண்டு திருவிவிலியத்தோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், "சாமியாரைப் பார்க்கவே முடியவில்லை" என்று குறை சொல்கிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்ற திருத்தூது ஊக்கவுரையில், மறையுரைத் தயாரிப்புக்கென்றே பல பத்திகளை ஒதுக்கினார். மற்ற பணிகளுக்கான நேரம் குறைந்தாலும், இதற்கு நேரம் ஒதுக்கியே ஆகவேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். அந்த நேரத்தைக் கொடுப்பவர்களுள் நாமும் இருக்கிறோம்.

மீண்டும் ஹிப்போவுக்கு வருவோம். வலேரியுஸ் பிறப்பால் கிரேக்கர். மக்கள் பேசிய இலத்தீன் மொழியில் அவருக்கு அவ்வளவு தேர்ச்சி இல்லை. ஆயர் இருக்கும்போது அருள்பணியாளர் மறையுரை ஆற்றுவது ஆப்பிரிக்கத் திருஅவையில் வழக்கமும் இல்லை. ஆனால் கீழைத் திருஅவைகளில் அந்த வழக்கம் இருப்பதை அறிந்த வலேரியுஸ், தம் முன்னிலையிலேயே நற்செய்தியை விளக்க அகுஸ்தினாருக்கு அனுமதி கொடுத்தார். சில ஆயர்கள் குறை கூறினார்கள். அந்த முதியவர் அதைப் பொருட்படுத்தவில்லை. தம்மால் மக்களுக்குக் கொடுக்க முடியாததை மற்றொருவர் கொடுப்பதைக் கண்டு மகிழ்ந்தார். பின்னர் வேறு ஆயர்களும் அதையே பின்பற்றினார்கள். தம் இளையவர் தம்மைவிட நன்றாகப் பேசுவதைக் கேட்டு மகிழும் மனமும் தூய ஆவியாரின் கொடைதான்.

அகுஸ்தினாரின் தொடக்ககால மறையுரைகளில் ஒன்று, உயிர்ப்புப் பெருவிழாவில் திருமுழுக்குப் பெற ஆயத்தமானவர்களுக்கு அவர் ஆற்றியது. இன்று அது 216ஆம் மறையுரை என்று எண்ணிடப்பட்டுள்ளது. 391ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அதன் தொடக்கத்தில் பேராசிரியரின் மிடுக்கு இல்லை. தம்முடைய பணியும் இப்போதுதான் தொடங்குகிறது, அவர்களுடைய நம்பிக்கை வாழ்வும் இப்போதுதான் கருக்கொள்கிறது. ஆகவே இரண்டுக்கும் செபத்தின் துணை தேவை என்கிறார். புதிய போதகரும் புதிய கிறிஸ்தவர்களும் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் காட்சி இது.

அதன்பிறகு ஏறத்தாழ 40 ஆண்டுகள் அவர் போதித்தார். 393ஆம் ஆண்டு ஹிப்போவில் கூடிய ஆப்பிரிக்க ஆயர்களுக்கே நம்பிக்கை அறிக்கையை விளக்கினார். பின்னர் ஆயராகி, 430இல் இறக்கும்வரை அப்பணியைத் தொடர்ந்தார். இந்த ஆண்டுகளில், தாம் கற்பித்த சொற்பொழிவுக் கலையின் சில விதிகளை விட்டுக்கொடுக்கவும் அவர் கற்றுக்கொண்டார். இலத்தீனில் 'ஒஸ்' என்று குறுக்கிச் சொன்னால் எலும்பு, 'ஓஸ்' என்று நீட்டிச் சொன்னால் வாய். குறில் நெடில் அறிந்த தமிழருக்கு இது எளிது. ஆனால் ஆப்பிரிக்க மக்களின் காதுக்கு அந்த வேறுபாடு எட்டவில்லை. எனவே எலும்புக்கு, இலக்கணத்துக்குப் புறம்பானது என்றாலும், பாமரர் பேசிய 'ஒஸ்ஸும்' என்ற சொல்லையே பயன்படுத்தலாம் என்றார். இலக்கண ஆசிரியர்கள் திட்டினாலும் பரவாயில்லை, மக்களுக்குப் புரியவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. முன்னாள் பேராசிரியருக்கு இது சிறிய தியாகம் அல்ல.

400ஆம் ஆண்டளவில் கார்த்தேஜைச் சேர்ந்த தேயோகிராசியாஸ் என்ற திருத்தொண்டர், தம் போதனை தமக்கே சலிப்பாக இருப்பதாக அவரிடம் முறையிட்டார். தம்முடைய பேச்சும் தமக்குப் பெரும்பாலும் நிறைவு தருவதில்லை என்று அகுஸ்தினார் அவருக்குப் பதில் எழுதினார். கேட்பவர் நின்று களைத்துப்போனால் அவருக்கு இருக்கை கொடுங்கள் என்றும் அறிவுறுத்தினார். போதிப்பவர் முதலில் செபிப்பவராக இருக்கவேண்டும், பிறகுதான் பேசுபவர் என்பதும் முதுமையில் அவர் எழுதிவைத்த பாடம்.

"அப்படியானால் நம் பதுவை நகர் புனித அந்தோனியார் தயாரிப்பு இல்லாமலே பேசினாரே!" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 1222ஆம் ஆண்டு, இத்தாலியின் ஃபோர்லி நகரில் நடந்த குருத்துவ அருள்பொழிவு விழாவில் பேச யாரும் ஆயத்தமாக இல்லாததால், அவருடைய தலைவர் அவரைப் பேசப் பணித்தார். கேட்டவர்கள் வியந்துபோனார்கள். ஆனால் அதற்கு முன் அந்தோனியார் போர்த்துக்கல் நாட்டில், லிஸ்பனிலும் கோயிம்பிராவிலும், அகுஸ்தினாரின் ஒழுங்கைப் பின்பற்றிய துறவு இல்லங்களில் பல ஆண்டுகள் திருவிவிலியத்தில் ஊறியிருந்தார். அன்று கையில் தாள் இல்லை, உள்ளம் நிறைந்திருந்தது. கிணற்றில் ஊற்று இருந்தால், வாளியை எப்போது விட்டாலும் தண்ணீர் வரும்.

நம் ஆண்டவரும் நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இறைவாக்கினர் எசாயாவின் சுருளைக் கையில் வாங்குவதற்கு முன், ஓய்வுநாள்தோறும் அங்கே சென்று கேட்கும் வழக்கம் உடையவராக இருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். கடவுளின் வாக்காகிய அவரே அமர்ந்து கேட்டார் என்றால், கேட்காமல் பேச யாரால் முடியும்?

எனவே, அன்பு நெஞ்சங்களே, இந்த வாரம் நாம் மூன்றைச் செய்வோம். ஞாயிறு வாசகங்களை முன்கூட்டியே வீட்டில் வாசிப்போம். மறையுரையைத் தயாரிக்க நம் அருள்பணியாளருக்கு நேரம் விட்டுக்கொடுப்போம். அவர் பேச எழும்போது, குறை தேடும் காதை மூடி, செபிக்கும் உள்ளத்தைத் திறப்போம். குறிப்பாக, குருமடங்களிலிருந்து வந்து நடுங்கும் கைகளோடு முதன்முறையாக வாசக மேடையைப் பற்றி நிற்கும் இளம் திருத்தொண்டர்களையும் புதிய அருள்பணியாளர்களையும் தாங்குவோம். ஹிப்போ நகர மக்கள் அன்று ஒருவரைப் பிடித்து இழுத்ததோடு நின்றுவிடவில்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகள் நின்றுகொண்டே அவர் பேசியதைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதால், இன்று நாமும் கேட்கிறோம்.

தம் வார்த்தையை விதைக்க ஆள் அனுப்பும் இறைவன், அதை ஏற்கும் நல்ல நிலமாக நம்மையும் மாற்றுவாராக. ஆமென்.