மேல்வகுப்பில் எத்தனை பேர்?
சென்னை மாகாண முஸ்லிம் மாணவர் கணக்கு

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து அரபுக் கல்லூரியில் சேர வரும் பிள்ளைகளிடம், "பள்ளியில் எதுவரை படித்திருக்கிறாய்?" என்று கேட்பது என் வழக்கம். "எட்டாம் வகுப்பு", "ஒன்பதாம் வகுப்பு" என்ற விடைகளைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இவ்விடைகளுக்குப் பின்னே நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு.

1837-இல் பாரசீகம் ஆட்சிமொழித் தகுதியை இழந்தது. 1855-இல் நவாப் குலாம் கவுஸ் கான் மறைந்தபின் கர்நாடக நவாப் பட்டமும் ஒழிக்கப்பட்டது. அவையை நம்பி வாழ்ந்த கற்றறிந்த குடும்பங்கள் பிழைப்பிழந்தன. நவாபுகளின் ஆதரவில் நடந்துவந்த மதரஸா-இ-ஆஸம் 1859-இல் அரசின் பொறுப்புக்கு வந்து, ஆங்கிலமும் கற்பிக்கும் பள்ளியாயிற்று. மாகாணத் தலைநகரில் முஸ்லிம் மாணவர்களுக்கென அமைந்த முதன்மையான பள்ளி அதுவே.

முஸ்லிம்கள் கல்வியில் பின்தங்கியிருப்பதை 1871-இல் மேயோ பிரபுவின் அரசு தீர்மானமாகவே வெளியிட்டது. அப்போது சென்னை மாகாண மக்கள்தொகையில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஆறு பேர். அரசின் கணக்குக்குட்பட்ட பள்ளிகளில் பயின்ற 1,23,689 பேரில் முஸ்லிம்கள் 5,531 பேர், அதாவது 4.4 விழுக்காடு. அடுத்த ஆண்டே தனிப் பள்ளிகளும் வகுப்புகளும் ஏற்படுத்த மாகாண அரசு ஆணையிட்டது. முஸ்லிம் மாணவர்க்குக் கட்டணம் பாதியாக்கப்பட்டது. 1882-இல் ஹண்டர் ஆணையம் ஆராய்ந்தபோது அவர்கள் எண்ணிக்கை 22 ஆயிரத்தைக் கடந்திருந்தது, விகிதமும் 6.7 விழுக்காடாகி, மக்கள்தொகை விகிதத்தை விஞ்சியது.

இதைக் கண்டு மனநிறைவு கொள்வோர், அதே அறிக்கையின் அடுத்த கணக்கையும் பார்க்க வேண்டும். ஆங்கில உயர்நிலைப் பள்ளிகளில் முஸ்லிம்களின் பங்கு நூற்றுக்கு இரண்டரையைக்கூட எட்டவில்லை. கல்லூரிகளிலோ நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. சேர்ந்தவர்கள் பலர்; மேலே ஏறியவர்கள் சிலர்.

காரணம் யாது? கட்டணச் சலுகையால் சேர்க்கை கூடியிருக்கலாம். ஆனால் மொழித்தடையை அது நீக்கவில்லை. தனிப் பள்ளிகள் பெரும்பாலும் உருது பேசுவோரைக் கருதி அமைந்தன. மாகாண முஸ்லிம்களில் தமிழ் பேசும் லெப்பைமார் மூன்று லட்சத்துக்கும் மேல். மலையாளம் பேசும் மாப்பிள்ளைமார் ஆறு லட்சத்துக்கும் மேல். இவர்களின் பிள்ளைகளுக்கு உருதுவும் கற்றுப் பெறவேண்டிய மொழியே. கடற்கரை ஊர்களிலோ, உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் வயதில் பையனை இலங்கைக்கோ பர்மாவுக்கோ கடைக்கு அனுப்பும் வழக்கமும் இருந்தது. 'முஸ்லிம் மாணவர்' என்ற ஒற்றைக் கணக்கில் இவ்வேறுபாடுகள் மறைந்துபோயின.

இக்காலத்துக்கும் இது பொருந்தும். 2001 கணக்கெடுப்பில் தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரி 73.5 தான். நாம் பெருமைப்படத்தக்க செய்தி இது. ஆயினும் எழுத்தறிவு வேறு, பள்ளிப் படிப்பை முடித்தல் வேறு. நாடு முழுவதும் பள்ளி செல்லும் வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாக்களில் பயில்வோர் ஏறத்தாழ மூன்று விழுக்காட்டினரே என்று 2006-இல் சச்சார் குழு தெளிவுபடுத்தியது. மாலையில் மக்தபில் ஓதும் பிள்ளை பகலில் பள்ளி செல்லும் பிள்ளையே. 6 முதல் 14 வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளைகளில் கால்பங்கினர் பள்ளிக்கே சென்றதில்லை அல்லது இடையில் நின்றவர்கள் என்பதையும் அக்குழுவே கூறியது. அவர்கள் எங்கே சென்றார்கள் என்பதே நம் கேள்வியாக வேண்டும்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள பகுதிகளில் பதினான்கு வயதுப் பையனைப் பட்டறையும் கடையும் அழைக்கின்றன. அவன் நின்றுபோனதைப் பள்ளி அறியும், ஜமாஅத் அறிவதில்லை. மஹல்லாதோறும் ஐந்து, எட்டு, பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளை முடித்தோரை ஆண்டுதோறும் பெயர்வாரியாகக் குறித்துவைத்தால், யார் எங்கே நின்றார் என்பது தெரியும். நிக்காஹ் பதிவேட்டைப் பேணத் தெரிந்த நமக்கு இது அரிய செயலன்று. அரபுக் கல்லூரிகளாகிய நாங்களும், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் பத்தாம் வகுப்பை முடித்து வெளியேறினார்கள் என்பதையும் ஆண்டறிக்கையில் எழுத வேண்டும்.