பதியும் கருவி யார் கையில்? இந்தியாவில் வீட்டு ஒலிப்பதிவின் வரலாறு

1902 நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க், கல்கத்தா விடுதி ஒன்றின் அறையில் தம் கருவிகளை நிறுவினார். அந்த நிறுவனத்துக்கு அப்போது இந்தியாவில் நிலையான ஒலிப்பதிவுக் கூடம் எதுவும் இருக்கவில்லை. சுவரில் பொருத்திய கூம்பு, அதன் மறுமுனையில் மெழுகுத் தட்டு, ஏறத்தாழ மூன்று நிமிட அவகாசம் ஆகியவை மட்டுமே பாடகர்களுக்குக் கிடைத்தவை. மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கும் வழி இல்லாததால், குரலின் வலிமையை உடலின் அசைவே சரிசெய்ய வேண்டியிருந்தது. தாழ்ந்த சுரத்துக்கு முகம் கூம்பை நெருங்கும். உச்சத்துக்குப் போகும்போது பின்வாங்கும். அந்த அறையில் பாடிய கௌஹர் ஜான், பாடல் முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவித்தார். தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாகவிருந்தன. அங்கிருப்போர் பாடியவர் யார் என அறிய இந்த அறிவிப்பு உதவியது என்பர்.

அந்த முறையில் ஒரு குறை இருந்தது. மெழுகில் பதிந்ததை அங்கேயே ஓட்டிப் பார்த்தால் தடம் கெட்டுவிடும். ஆகவே பாடியவர் தம் குரலைக் கேட்க, தட்டு கடல் கடந்து போய் அச்சாகித் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். பிழை நேர்ந்திருந்தால் அதை அறிவது மாதங்கள் கழித்துத்தான்.

இதற்கு மாறான கருவியும் அக்காலத்திலேயே இருந்தது. எடிசன் 1877இல் உருவாக்கிய ஃபோனோகிராஃப், பின்னர் மெழுகு உருளையில் பதியும் வடிவம் பெற்றது. அதே கருவி பதியவும் செய்யும், ஒலிக்கவும் செய்யும். பிடிக்காத பதிவைச் சுரண்டிவிட்டு அதே உருளையில் மீண்டும் பதியலாம். பெர்லினரின் கிராமபோன் தட்டோ, வாங்கியவருக்குக் கேட்க மட்டுமே உரிமை தந்தது. எழுத்துலக உவமையில் சொன்னால், உருளை படிக்கவும் எழுதவும் கற்றுத்தந்தது. தட்டு படிக்க மட்டுமே அனுமதித்தது. ஒன்றிலிருந்து பல படிகளை மலிவாக அச்சிட முடிந்ததால் சந்தையில் தட்டே வென்றது. வீட்டில் பதியும் வழக்கம் வேரூன்றும் முன்பே தளர்ந்தது.

அந்த இடைவெளியில் எழுந்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது ஹேமேந்திரமோகன் போஸுடையது. குந்தலீன் கூந்தல் தைலத்தால் புகழ்பெற்ற இந்தக் கல்கத்தா வணிகர், சுதேசி இயக்கம் கொதித்த ஆண்டுகளில் உருளைப் பதிவுகளை வெளியிட்டார். இரவீந்திரநாத் தாகூரின் குரலும் அவற்றுள் இடம்பெற்றது. அந்த உருளைகளில் பெரும்பாலானவை இன்று கிடைக்கவில்லை. மெழுகு பூஞ்சை பிடிக்கும், உடையும், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தேயும். பதிவது ஒரு கலை என்றால் காப்பது இன்னொரு கலை. இரண்டாவதைக் கற்காத இடத்தில் முதலாவது வீணாகிறது.

கருவி எதைக் கேட்கிறது, எதைக் கேட்க மறுக்கிறது என்ற வினா மொழியியலுக்கும் உரியது. ஜார்ஜ் கிரியர்சனின் இந்திய மொழியியல் ஆய்வையொட்டி 1913 முதல் 1929 வரை பல மொழிகளின் பேச்சும் பாடலும் கிராமபோன் தட்டுகளில் பதிவாயின. 1925 வாக்கில் மின்முறைப் பதிவு வரும்வரை, கூம்பின் வழியே தட்டில் தெளிவாகப் படிந்தவை ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளே. ‘ஸ’ போன்ற உரசொலியின் ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அமைவது. எனவே உயிரொலிகள் ஓரளவு துலங்கும் ஒரு கூம்புப் பதிவில் ‘ஸ’, ‘ஷ’ வேறுபாடு மங்கிப்போகும். அதைக் கேட்டு, அம்மொழி பேசுவோர் இவ்விரு ஒலிகளையும் வேறுபடுத்தவில்லை என்று முடிவுகட்டினால் பிழை பேசியவருடையதன்று. கருவியின் செவிக்குறையைப் பேசியவரின் நாவின்மேல் ஏற்றிய பிழை அது.

பதியும் உரிமை வீட்டுக்குத் திரும்பியது காந்த நாடாவின் வழியே. 1950களிலும் 60களிலும் வசதி படைத்த இரசிகர்களின் இல்லங்களில் ஸ்பூல் கருவிகள் இடம்பிடித்தன. 1952இல் தொடங்கிய வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சியை நாடாவில் பிடித்தோர் உண்டு. வீட்டுக் கச்சேரிகளைப் பதிந்தோரும் உண்டு. அவர்கள் தட்டுத் தடுமாறிக் கற்றவை எளிய பாடங்கள். வானொலியின் முன் மைக்கை வைத்தால் அடுக்களைப் பாத்திர ஓசையும் சேர்ந்து பதியும். கம்பியால் நேரடியாக இணைத்தால் அது விலகும். நாடாவின் வேகத்தைக் கூட்டினால் தரம் உயரும், ஆனால் பதியும் நேரம் சுருங்கும். ஒரு இராகத்தை முழுமையாகப் பிடிப்பதா, தெளிவாகப் பிடிப்பதா என்று அவர்கள் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

மூன்று நிமிடத் தட்டில் அடங்காத நெடிய ஆலாபனைகள் இவ்வகை நாடாக்களில் எஞ்சின. வணிக இசைத்தட்டு எதையும் வெளியிடாத அன்னபூர்ணா தேவியின் சுர்பஹார் வாசிப்பை இன்றைய மாணவர் அறிவது, புழக்கத்திலுள்ள சில தனிப்பதிவுகளால்தான். எனினும் கலைஞரின் இசைவைப் பெற்றுப் பதிந்தார்களா என்ற கேள்வி இத்தகைய பதிவுகளைத் தொடர்கிறது. அதையும் வரலாற்றின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

ஃபிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், 1980களில் இந்தியச் சந்தையையே மாற்றியது. நீண்ட காலம் ஒரு பெருநிறுவனத்தின் பிடியிலிருந்த இசைத்துறைக்குள் எண்ணற்ற சிறு தயாரிப்பாளர்கள் நுழைந்தனர். போஜ்புரி, கட்வாலி, ஹரியாண்வி பாடல்களும் பிரஜ் வட்டாரத்தின் ரசியாவும் கேசட்டுகளாயின. பீட்டர் மானுவல் 1993இல் வெளியிட்ட ஆய்வு இந்த மாற்றத்தை விரிவாகப் பேசுகிறது. கேசட்டின் தரம் ஸ்பூலைவிடக் குறைவு. ஆயினும், இதுவரை பதிவுபெறாத மொழிவழக்குகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது அந்தத் தரம் குறைந்த நாடாவே. சிறந்த கருவி எது என்ற வினாவுக்கு, எந்தக் குரலுக்கு என்ற எதிர்வினாவே முதல் விடை.

அடுத்த கட்டத்தில் கூடமே வீட்டுக்குள் வந்தது. சென்னைக் கோடம்பாக்கத்தில் 1989இல் தம் இல்ல வளாகத்தில் ஏ. ஆர். ரஹ்மான் அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடம் இதற்கு நன்கறிந்த சான்று. 1992இல் வெளியான ‘ரோஜா’வுக்குப் பின் நாடே அதன் ஒலியைக் கவனித்தது. இன்று மடிக்கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஒரு ஹெட்ஃபோன் ஆகியவை சேர்ந்தால் ஒரு மாணவரின் அறையும் ஒலிப்பதிவுக் கூடமாகும்.

ஆனால் பழைய பாடங்கள் காலாவதியாகவில்லை. கண்டன்சர் மைக் நுண்மையாகக் கேட்கும். மின்விசிறியையும் தெருவையும் அதே நுண்மையோடு கேட்கும். அமைதியற்ற வீட்டுக்கு டைனமிக் மைக்கே பெரும்பாலும் பொருந்தும். வெற்றுச் சுவரும் கல்தரையும் ஒலியைத் திருப்பி எறியும். துணி நிறைந்த அலமாரியும் மெத்தையும் அதை உறிஞ்சும். வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண் இருப்பது நல்ல தொடக்கம். அதைவிட மிக நெருங்கினால், ஒருதிசை மைக்குகளில் கீழ்ச்சுருதி அளவுக்கு மீறிப் பருக்கும். ‘ப’ முதலிய வெடிப்பொலிகள், குறிப்பாக இந்தியின் மூச்சேறிய ஒலிகள், காற்றாக மோதி ‘டொப்’ என்று பதியும். மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால் அந்தக் காற்று விலகிப்போகும். 24 பிட்டில் பதிவோர் அளவுமானியை உச்சம்வரை ஏற்ற வேண்டியதில்லை. சற்றுத் தாழ்த்திப் பதிந்தால் திடீரென ஓங்கும் குரலும் சிதையாது.

இவற்றுள் எதுவும் விலைக்கு வருவதன்று. பதிந்து, உடனே கேட்டு, திருத்தி, மீண்டும் பதிவதால் கைவருவது. கெய்ஸ்பெர்க் முன் நின்ற பாடகருக்கு வாய்க்காத அந்த உடனடிக் கேட்டலே வீட்டு ஒலிப்பதிவின் தனிச்சிறப்பு. கருவியின் விலையில் மட்டும் கருத்தூன்றுவோர் அச்சிறப்பைத் தவறவிடுகின்றனர்.

இழப்பின் ஆபத்தும் முன்புபோலவே தொடர்கிறது. பழைய வீடுகளின் பரண்களில் பெயர் எழுதாத கேசட்டுகள் கிடக்கின்றன. புதிய கணினிகளில் எண்ணை மட்டுமே பெயராகக் கொண்ட கோப்புகள் குவிகின்றன. 1982இல் தொடங்கி இன்று குருகிராமில் இயங்கும் இனவியல் இசை ஆவணக் காப்பகம் போன்றவை தனியார் சேகரிப்புகளையும் பேணுகின்றன. ஆயினும் யார், எங்கே, எப்போது பாடினார் என்ற குறிப்பில்லாத ஒலியை எந்தக் காப்பகமும் முழுமையாக மீட்க இயலாது. அதற்கான எளிய வழியைக் கௌஹர் ஜான் காட்டிச் சென்றுள்ளார். பாடல் முடிந்ததும் பெயரையும் ஊரையும் நாளையும் சொல்லிவிட்டுப் பதிவை நிறுத்தினால், அந்தக் குரல் தன் அடையாளத்தைத் தானே சுமந்து செல்லும்.