எல்லை தாண்டாத 'இந்தியா'

பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அச்சிட்டவர் இன்னார், வெளியிடுபவர் இன்னார். வாசகர் கண்ணில் படாத அந்த வரிதான் 1908-ல் ஒருவரைச் சிறைக்கு அனுப்பியது.

1867-ம் வருஷத்து அச்சகச் சட்டப்படி, பத்திரிகை போடுகிறவர் மாஜிஸ்திரேட் முன்னால் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். சென்னையில் 1906-ல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் எழுதிக் குவித்தவர் சுப்பிரமணிய பாரதி. பதிவேட்டில் இருந்த பெயரோ எம். சீனிவாசன். ராஜத்துரோக வழக்கு வந்ததும் போலீஸ் பதிவேட்டைத்தான் புரட்டியது. சீனிவாசனுக்கு ஐந்தாண்டு சிறை. பாரதியோ புதுச்சேரிக்குப் போய்விட்டார். போனது சரிதானா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் நடந்தது வேறு சட்டம். பிரெஞ்சுக் குடியரசு 1881 ஜூலை 29-ல் இயற்றிய பத்திரிகைச் சட்டத்தின்படி முன் அனுமதியும் வேண்டாம், ஜாமீன் பணமும் வேண்டாம். பொறுப்பாளர் ஒருவர் பெயரை எழுதிக் கொடுத்தால் போதும். 1908 அக்டோபரிலேயே 'இந்தியா' அங்கிருந்து மறுபடி வெளிவந்தது. சென்னையில் எழுதினால் குற்றம், ஒரு ராத்திரி ரயில் பயணத்துக்கு அப்பால் எழுதினால் குற்றமில்லை!

இதைப் பிரெஞ்சுக்காரரின் பெருந்தன்மை என்று கொண்டாட வேண்டியதில்லை. அதே பிரான்ஸ் 1898-ல் சைகோனில் வேறு முகம் காட்டியது: வியட்நாமியர் மொழியில் பத்திரிகை போட முன் அனுமதி வாங்கியே தீர வேண்டும் என்று ஆணையிட்டது.

பிரிட்டிஷார் புதுச்சேரிக்குள் ரகசியப் போலீசை அனுப்பிப் பார்த்தார்கள். ஆனால் ஆசிரியரைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லையென்பது சீக்கிரம் விளங்கிவிட்டது. பத்திரிகை அச்சாவது பிரெஞ்சு மண்ணில். படிக்கிறவர்களில் பெரும்பாலோர் இருப்பது பிரிட்டிஷ் மண்ணில். இரண்டுக்கும் நடுவே தபாலாபீஸ். 'இந்தியா' எல்லைக்குள் வரக் கூடாதென்று தடை விழுந்தது. 1910 பிப்ரவரியில் வந்த புதிய பத்திரிகைச் சட்டமோ இதையே பொது விதியாக்கியது: புதிதாக அச்சகம் வைப்பவர் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் கட்ட வேண்டும், சந்தேகப்பட்ட கட்டுகளைச் சுங்கத்திலும் தபாலிலும் நிறுத்தி வைக்கலாம்.

அடுத்த மாதமே 'இந்தியா' நின்றது. பாரதி கைவைத்திருந்த 'விஜயா', 'சூரியோதயம்', 'கர்மயோகி' எல்லாம் அதே கதி. அச்சடிக்கத் தடையில்லை, அனுப்பத்தான் வழியில்லை. சந்தா வராத பத்திரிகை எத்தனை நாள் ஓடும்?

பாரதி மேலும் எட்டு வருஷம் புதுச்சேரியிலேயே இருந்தார். 1918 நவம்பரில் எல்லையைக் கடந்தவரைக் கடலூர் அருகே போலீஸ் கைது செய்தது.