பாய் கிழிஞ்சா தைக்கறதா, மாத்தறதா?

எங்க ஆபீஸ்ல தினமும் வர்ற சண்டைதான்: பேட்ச்சா, ரீரைட்டா? கடல்ல இது பழைய கேள்வி. கட்டுமரத்துக்கு அந்தக் காலத்துல பருத்திப் பாய். ஈரத்துல மக்கும்னு மரப்பட்டைச் சாயத்துல ஊறவெச்சாங்க. தையல் விட்டா மறுபடி தைக்கலாம். துணியே நைஞ்சுபோச்சுன்னா ஒட்டுப் போட்டாலும் ஓரத்துல கிழியும், மாத்தித்தான் ஆகணும்.

2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரணமா ஃபைபர் படகுகள் குவிஞ்சுது. எஞ்சின் வெச்ச படகுல பாய்க்கு என்ன வேலை?

1805-ல டிரஃபால்கர் சண்டையில கிழிஞ்ச ‘விக்டரி’ கப்பல் பாய் ஒண்ணை, சுமார் 90 ஓட்டையோட அப்படியே இங்கிலாந்துல பாதுகாக்கறாங்க. எனக்கு அதுதான் சரின்னு படுது. பெசன்ட் நகர் ஊரூர் குப்பத்துல யார் வீட்டுப் பரண்லயாவது பழைய பாய் இருந்தா, தைக்கவும் வேணாம், தூக்கிப் போடவும் வேணாம். எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க.