முட்டுக்கட்டையும் காற்றுக் குமிழியும்

கழுகுமலையில் பங்குனி உத்திரத் தேரோட்டம் பார்த்திருக்கிறீர்களா? எல்லார் கண்ணும் தேர் மேலேயே இருக்கும். நீங்கள் சக்கரத்தின் பக்கம் பாருங்கள். முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான் தேருக்கு பிரேக்! கொஞ்சம் அசந்தால் கை போய்விடும்.

1948-க்குப் பின் நின்றுபோய், 1970-ல் மறுபடி ஓடியது திருவாரூர் ஆழித்தேர். அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தித் தந்தது திருச்சி பெல் நிறுவனம். இந்த பிரேக்குக்கு 1917-ல் காப்புரிமை கேட்டவர் அமெரிக்கர் மால்கம் லாக்ஹீட் (விமானக் கம்பெனி லாக்ஹீட் குடும்பம்தான்). 1921-ல் டூசன்பர்க் காரில் நாலு சக்கரத்துக்கும் வந்தது. ஆரம்பகால பிரேக் ஆயிலில் என்ன கலந்தார்கள் தெரியுமா? நம்ம கரிசல்காட்டு ஆட்களுக்கு நன்கு தெரிந்த விளக்கெண்ணெய்!

திரவத்தை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். குழாயில் ஒரு குமிழி புகுந்தால் போதும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. அதைத்தான் மெக்கானிக்குகள் 'ஏர் பிடிச்சிருச்சு' என்பார்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து, பெடலை விடுமுன் மூடுவார். கைப்பம்பு இருந்தால் ஒரே ஆள் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

இப்போதைய ஆயில் ஈரத்தை இழுக்கும். டாட் 3 ரகம் புதிதில் குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறினால் அந்த அளவு 140தான். மலைப்பாதை இறக்கத்தில் யோசித்துப் பாருங்கள்! அதனால் பம்பில் உறிஞ்சிய பழைய ஆயிலை மறுபடி ஊற்றாதீர்கள். பம்பை டீசல், மண்ணெண்ணெயில் கழுவவும் கூடாது. மிச்சம் ஒட்டியிருந்தால் பிரேக் ரப்பர் ஊதிவிடும். ஸ்பிரிட்டில் கழுவி, நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள்.