சதுரங்க நேர்முக வருணனை: குறியிலிருந்து குரலுக்கு

சதுரங்க ஆட்டம் முடிந்தபின் வல்லுநர் எழுதும் விளக்கவுரைக்கும், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் கூறும் நேர்முக வருணனைக்கும் இடையே உள்ளது ஊடக வேறுபாடு மட்டுமன்று. மொழி வேறுபாடும் ஆகும். முன்னது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சொற்களை அறவே கைவிடும் நிலைவரை சென்றது. பின்னது அச்சொற்களை மீண்டும் கொண்டுவந்தது. இணையத்தின்வழிச் சதுரங்கப் பயிற்சியும் வருணனையும் இந்திய மொழிகளுக்குள் நுழைந்துவிட்ட இன்றைய நிலையில் இவ்வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது. மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்வது கலைச்சொல் சிக்கல் மட்டுமன்று என்பதை அது தெளிவாக்குகிறது.

விளக்கவுரை சொற்களைக் கைவிட்டதற்குக் காரணம் மொழிபெயர்ப்பின் தொல்லையே. ஆட்டப் பதிவில் காய்களைக் குறிக்கும் எழுத்துகள் மொழிக்கு மொழி மாறின. ஆங்கிலப் பதிவில் ‘ஆர்’ என்னும் எழுத்து மூலையில் நிற்கும் யானையைக் குறிக்கும். பிரெஞ்சுப் பதிவில் அதே எழுத்து அரசனைக் குறிக்கும். ஆங்கிலேயர் பின்பற்றிய பழைய விவரணப் பதிவுமுறையில் ஒரே கட்டத்திற்கு இரண்டு பெயர்கள் இருந்தன. வெள்ளைக்கு அரசன் வரிசையின் நான்காம் கட்டம் கறுப்புக்கு ஐந்தாம் கட்டம். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1981இல் இம்முறையை ஏற்பதை நிறுத்தி, இயற்கணித முறையை மட்டுமே ஒப்புக்கொண்டது.

இதற்கு முன்பே பெல்கிரேடில் மேலும் துணிவான முயற்சி ஒன்று தொடங்கிவிட்டது. கிராண்ட்மாஸ்டர் அலெக்ஸாண்டர் மத்தனோவிச் 1966இல் தொடங்கிய ‘ஷாஹோவ்ஸ்கி இன்ஃபர்மேட்டர்’ என்னும் வெளியீடு, ஆட்டங்களையும் அவற்றின் விளக்கத்தையும் முழுக்க முழுக்கக் குறிகளாலேயே அச்சிட்டது. காயின் பெயருக்குப் பதில் காயின் சிற்றுருவம் இடம்பெற்றது. கருத்துரைக்குப் பதில் கூட்டலும் கழித்தலும் கலந்த குறிகள் இடம்பெற்றன. ‘இந்த ஒரு நகர்வே உண்டு’ என்பதற்குச் சதுரம், ‘இக்கருத்துடன்’ என்பதற்கு முக்கோணம், ‘நிலை தெளிவில்லை’ என்பதற்கு முடிவிலிக் குறி. முகப்பிலிருந்த பன்மொழி விளக்கப் பட்டியலைப் படித்துக்கொண்டால் போதும்; உள்ளே மொழிபெயர்க்க எதுவுமில்லை. கணினியில் ஆட்டங்களைச் சேமிக்க 1993இல் வகுக்கப்பட்ட பொதுப் பதிவுமுறை இக்குறிகளை வெறும் எண்களாக மாற்றியது. நல்ல நகர்வுக்கு எண் 1, தவறான நகர்வுக்கு எண் 2.

இம்முறை பெரும் வெற்றி பெற்றது. எனினும் அதன் விலையும் சிறிதன்று. வெள்ளையின் நிலை மேலானது என்று குறி சொல்லும். ஏன் மேலானது என்றோ, ஆடுபவர் அதை அறிந்தாரா என்றோ, சொல்பவருக்கே அதில் எவ்வளவு உறுதி என்றோ சொல்லாது. வல்லுநர் அறிந்ததைப் படிக்க அது போதும். கற்கத் தொடங்குபவருக்கு அது ஊமையுரை.

குரல் வேறு வழியில் வந்தது. 1972இல் ரெய்க்யவிக் நகரில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் மோதியபோது, அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஷெல்பி லைமன் என்னும் சதுரங்க ஆசிரியர் ஒரு பலகையின்முன் நின்று நாள்தோறும் பல மணி நேரம் பேசினார். நகர்வு வந்துசேர்ந்ததும் மணி ஒலிக்கும். இரு மணியோசைகளுக்கு இடையே நீண்ட நேரம் எதுவும் நிகழாது. அவ்வெற்று நேரத்தை நிரப்ப அவருக்குக் கிடைத்தவை ஆடப்படக்கூடிய நகர்வுகள் மட்டுமே. நேர்முக வருணனையின் அடிப்படை இயல்பு இங்கேயே புலப்பட்டுவிட்டது எனலாம்.

பி.பி.சி. 1976இல் தொடங்கிய ‘தி மாஸ்டர் கேம்’ என்னும் தொடர் வேறோர் உத்தியைக் கையாண்டது. ஆட்டம் முடிந்தபின் ஆட்டக்காரர்கள் தத்தம் எண்ணங்களை மீண்டும் நினைவுகூர்ந்து, அப்போதுதான் சிந்திப்பவர்போல் பேசினர். முடிவு அறிந்த ஒருவர் அறியாதவராக நிகழ்காலத்தில் பேசுதல் என்பது இலக்கண நோக்கில் சுவையான காலமயக்கம். இதன் மறுதலையாக, பிற்காலத்தில் நார்வே செஸ் போட்டியில் ஓர் ஒப்புரவுக் கூண்டு வைக்கப்பட்டது. ஆட்டத்தின் நடுவே ஆட்டக்காரர் எழுந்து சென்று, தம் எதிரி கேளாதவாறு, பார்வையாளரிடம் தம் அச்சத்தையும் ஆசையையும் சொல்லலாம். இங்கு நிகழ்காலம் உண்மையானது. சொல்பவருக்கும் முடிவு தெரியாது.

இணையத்தில் 1992இல் தோன்றிய சதுரங்க வழங்கியில் வருணனை முதலில் தட்டச்சாகவே நிகழ்ந்தது. அங்கு இரு கட்டளைகள் இருந்தன. ‘கிபிட்ஸ்’ என்றால் ஆடுவோரும் பார்ப்போரும் படிப்பர்; ‘விஸ்பர்’ என்றால் பார்ப்போர் மட்டுமே படிப்பர். முன்னது இத்திய மொழிவழி ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாத அறிவுரை கூறுபவரைச் சுட்டுவது. யார் கேட்கலாம் என்பதே இவ்வகைப் பேச்சின் முதல் விதி என்பதை இக்கட்டளைகள் உணர்த்துகின்றன. 2022இல் சிங்க்ஃபீல்டு கோப்பைப் போட்டியின்போது நகர்வுகளைப் பதினைந்து நிமிடம் தாழ்த்தி ஒளிபரப்ப முடிவுசெய்ததும் அதே விதியின் நீட்சியே.

1999இல் காஸ்பரோவ் ஒருபுறமும் இணையத்தில் வாக்களித்த உலக மக்கள் மறுபுறமும் ஆடிய ஆட்டம் பயிற்சி வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. நகர்வுக்கு ஒரு நாள் வீதம் நான்கு மாதம் நீடித்து, 62 நகர்வுகளில் காஸ்பரோவ் வென்றார். நான்கு இளம் ஆட்டக்காரர்கள் மக்களுக்கு ஆலோசகராக இருந்தனர். அவர்களுள் ஐரினா க்ரஷ் விரிவான காரணங்களுடன் எழுதிய பரிந்துரைகள் வாக்கெடுப்பை ஈர்த்தன. காரணம் கூறுதல் என்னும் மொழிச்செயல் இங்கு ஆட்டத்தின் போக்கையே நிர்ணயித்தது. இதன்பின் காணொலி வந்தது. 2021இல் துபாயில் நடந்த உலகப் போட்டிக்கு விசுவநாதன் ஆனந்தும் உக்ரைனின் அன்னா முசிச்சுக்கும் ஆங்கிலத்தில் வருணனை வழங்கினர். இருவர்க்கும் அது தாய்மொழியன்று. இந்தியில், 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் நகைச்சுவைக் கலைஞர் சமய் ரைனா ஆங்கிலம் கலந்து நடத்திய நேரலைகளில் இந்திய கிராண்ட்மாஸ்டர்கள் பலர் பங்குகொண்டனர்.

வருணனைத் திரையின் ஓரத்தில் இப்போது கணினியின் மதிப்பீட்டுப் பட்டை நிற்கிறது. இன்ஃபர்மேட்டரின் குறி மீண்டும் எண்ணாக வந்து குரலுக்கு அருகே அமர்ந்துகொண்டது. யார் மேலோங்கி நிற்கிறார் என்பதைச் சொல்லும் பணியைப் பட்டை எடுத்துக்கொண்டதால், ஏன் என்பதைச் சொல்லும் பணி மட்டுமே வல்லுநர்க்கு எஞ்சியது.

சென்னை வானொலி வழங்கிய கிரிக்கெட் வருணனையைக் கேட்டவர்க்கு இறந்தகால வினைமுற்றின் ஆட்சி நினைவிருக்கும்: வீசினார், அடித்தார், தடுத்தார். சதுரங்க வருணனையிலோ பெரும்பாலான வாக்கியங்கள் நிகழாத நகர்வுகளைப் பற்றியவை. எனவே அதன் உயிர்நிலை வினைமுற்றில் இல்லை; எச்சத்தில் உள்ளது. ஆங்கில வருணனையாளர் எழுவாயை விட்டுவிட்டு ‘வெட்டும், வெட்டும், செக்’ என்பதுபோல் நிகழ்கால வினைகளை அடுக்குகிறார். தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவதால் இவ்வடுக்கை அப்படியே பெயர்த்தால் செயற்கையாகிறது. ஆனால் எச்சங்கள் இவற்றைக் காட்டுவதில்லை. அவற்றுள்ளும் ‘செய்து’ என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும். ‘செய’, ‘செயின்’ என்பவை பிறவினைமுதலின் வினையையும் கொள்ளும் என்னும் பாகுபாடு தொல்காப்பியத்திலேயே உள்ளது. இருவர் மாறிமாறி ஆடும் ஆட்டத்திற்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் தேவையில்லை. ‘வெள்ளை வெட்ட, கறுப்பு திரும்ப வெட்ட, குதிரை பாய்ந்தால் செக்’ என்பது இயல்பாக ஓடுகிறது. பேச்சுத் தமிழில் ‘செய’ எச்சத்தின் ஆட்சி குறைவாதலின், அச்சுமையை ‘வெட்டினா’ என்னும் நிபந்தனை வடிவமே பெரிதும் தாங்கும்.

இதே அமைப்பு ஓர் இடரையும் தருகிறது. ‘யானை வெட்டினால்’ என்னும்போது யானை வெட்டுகிறதா, வெட்டுப்படுகிறதா? அஃறிணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமை உருபு தொகுவதால் இரு பொருளும் கொள்ளலாம். பலகையைப் பார்ப்பவர்க்கு ஐயமில்லை. வானொலிபோல் கேட்பவர்க்கு உண்டு. ‘யானையை’, ‘யானையால்’ என்று உருபை விரித்துச் சொல்வதே வருணனையாளர்க்கு நல்ல வழக்கமாகும். அரசனும் அரசியும் பலகையில் அஃறிணையாகவே வழங்குவதும் குறிக்கத்தக்கது. ‘ராஜா மூலைக்குப் போகும்’ என்றுதான் ஆடுவோர் சொல்வர். ‘போவார்’ என்றால் சிரிப்பு வரும்.

காய்ப்பெயர்களில் உள்ள சிக்கல் சொல்லில்லாமையால் எழுவதன்று; ஒரே சொல் பல காய்களுக்கு வழங்குவதால் எழுவது. தமிழ்ப் பேச்சுவழக்கில் மூலைக்காய் யானை. குறுக்காகச் செல்வது மந்திரி. இந்தியில் யானை மூலையிலேயே நிற்க, குறுக்கே செல்வது ஒட்டகமாகிறது. ராணிக்கு வசீர், அதாவது மந்திரி, என்று பெயர். மலையாளத்தில் மூலையில் தேரும் குறுக்கே யானையும் செல்ல, ராணியின் இடத்தில் மந்திரி நிற்கிறார். வங்காளத்தில் மூலைக்காய் படகு. குறுக்கே செல்வது கஜம். ரஷ்ய மொழியிலும் அவ்வாறே படகும் யானையும். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972 முதல் மிகைல் தால் பெயரில் இயங்கிய கழகத்தில்தான் சிறுவன் ஆனந்த் ஆடினார். அங்கு ஒருவர் ரஷ்ய நூலின் யானையைத் தமிழ் யானையாகவே கொண்டிருந்தால் பக்கத்துக்குப் பக்கம் தவறான காயை நகர்த்தியிருப்பார். இந்தி வசீரை மந்திரியாக்கும் மொழிபெயர்ப்பாளரும் அவ்வாறே பலகையின் வலிமைமிக்க காயை இழந்துவிடுவார். அகராதிப்பொருள் சரியாக இருந்தே தவறு நேரும் இடம் இது.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரனும் ஆடிய பதினான்காம் ஆட்டத்தில், வெள்ளை ஆடிய டிங் 55ஆம் நகர்வில் தம் யானையை எதிரி யானையின்முன் வைத்தார். மதிப்பீட்டுப் பட்டை அக்கணமே கறுப்பின் பக்கம் சாய்ந்தது. குகேஷோ தாம் முதலில் வேறொரு நகர்வை ஆடவிருந்ததாகவும், எதிரியின் மந்திரி மூலையில் சிக்கியிருப்பதைப் பின்னரே கண்டதாகவும் பிறகு கூறினார். பட்டைக்கும் அவருக்கும் இடையே இருந்த அச்சில நொடிகளைச் சொல்ல எண்ணில் இடமில்லை. தமிழில் அது ஒரே வாக்கியத்தில் அடங்கும்: யானை யானையை வெட்ட, ராஜா திரும்ப வெட்ட, மூலையிலுள்ள வெள்ளை மந்திரியின் எதிரே கறுப்பு மந்திரி வந்து நிற்க, அவையும் வெட்டுப்பட்டால், எஞ்சிய காலாட்களில் ஒன்று கறுப்புக்கு மிகுதி.